எருமைப்புல் ஏறிய மேய்க்கால்: சேதத்தை அளப்பது, தரையை மீட்பது

காவிரிப் பாசனப் பகுதியில் ஆடி கடந்தால் வயலெல்லாம் நடவாகிவிடும். தை அறுவடை வரை மாட்டை ஓட்டிப்போக மிச்சம் இருப்பது திடல், குளத்து உள்வாய், வாய்க்கால் கரை, மேய்க்கால் புறம்போக்கு, இவ்வளவுதான். இந்தத் துண்டு நிலங்கள் ஒரே பச்சையாக இருப்பதைப் பார்த்து நிறைவடைய வேண்டாம். கிட்டே போய்த் தண்டைத் தூக்கிப் பாருங்கள். விரல் கனத் தண்டு, கணுவுக்குக் கணு வெள்ளை மயிர், சாய்ந்த இடத்திலெல்லாம் வேர், ஒன்றன்மேல் ஒன்று படுத்து மெத்தை கட்டிய கொடி என்று இருந்தால் அது எருமைப்புல். நீர்ப்புல் என்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் ஆற்றோரச் சதுப்புகளிலிருந்து தீவனத்துக்காக வெப்ப நாடுகள் முழுக்கப் போன புல் இது. தாவரவியல் பெயர் உரோக்ளோவா மியூட்டிகா. பழைய நூல்களில் பிராக்கியேரியா மியூட்டிகா என்று இருக்கும்.

இது கெட்ட தீவனம் இல்லை. ஈர நிலத்தில் இவ்வளவு பசுந்தீவனம் தரும் புல் குறைவு. ஆனால் தீவனப் பாத்தியை விட்டு வாய்க்காலில் இறங்கி, அங்கிருந்து பொதுத்தரையில் ஏறினால், அந்தத் தரையில் இருபது வகைச் செடிகள் இருந்த இடத்தில் மூன்று நான்கு வகைதான் மிஞ்சும். எந்த அளவுக்குக் குறைந்தது, எருமைப்புல்லால்தான் குறைந்ததா, திரும்ப வருமா என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல் மண்வெட்டியைத் தூக்கினால் பெரும்பாலும் உழைப்பு வீணாகும். அதனால் முதலில் அளவு, பிறகு அறுப்பு.

அடையாளத்தில் வரும் பிழை

எருமைப்புல் என்று நினைத்து நாட்டுப் புல்லைப் பிடுங்குவது அடிக்கடி நடக்கிறது. சதுப்பில் வளரும் லீர்சியா ஹெக்ஸாண்ட்ரா என்ற நாட்டுப் புல்லுக்கும் கணுவில் வெள்ளை மயிர் உண்டு. ஆனால் அதன் தண்டு மெலிது. இலை ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட வராது, விரலால் தடவினால் அறுக்கிற மாதிரி சொரசொரக்கும். எருமைப்புல்லின் இலை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அகலம், தண்டைச் சுற்றிய உறையிலும் மயிர் இருக்கும். வயலில் வரும் குதிரைவாலி இனக் களைகளுக்கு, இலை தண்டோடு சேரும் இடத்தில் நாக்கு போன்ற சவ்வோ மயிர் வரிசையோ கிடையாது. எருமைப்புல்லுக்கு அந்த இடத்தில் குட்டையான மயிர் வரிசை உண்டு. இஞ்சிப்புல்லைத் தோண்டினால் மண்ணுக்குள் கூர்முனையோடு கிழங்கு ஓடும். எருமைப்புல்லின் ஓட்டம் பெரும்பாலும் தரைமேல்தான். பகல் குறையும் மாதங்களில் கதிர் வரும்போது இன்னும் எளிது: ஒரே காம்பில் பக்கத்துக்குப் பக்கம் கிளைத்த கதிர், ஊதா நிறச் சூல்முடி.

விதை வைத்தாலும் அதில் முளைக்கும் விதை குறைவு. இந்தப் புல் பரவுவது தண்டுத் துண்டால். ஒரு கணு இருந்தால் போதும், ஈரம் பட்டால் வேர் விடும். கீழே சொல்லும் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

எது போகிறது, ஏன் போகிறது

நம் பக்கத்துத் திடலில் அருகும் கோரையும் தர்ப்பையும் மட்டுமா இருக்கின்றன? மேட்டில் கொழுக்கட்டைப்புல், ஒட்டுப்புல், விஷ்ணுகிரந்தி. சரிவில் பொடுதலை, வல்லாரை. ஈரத்தில் நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, ஆரைக்கீரை, நீர்முள்ளி. தண்ணீர் வடிந்த களியில் செருப்படை. குளத்தில் கொட்டியும் அல்லியும். இவற்றில் பாதி முழங்காலுக்குக் கீழே, பல கணுக்காலுக்கும் கீழே வளர்பவை. வெயில் நேராக விழ வேண்டும். எருமைப்புல் ஒரு மீட்டருக்குமேல் நின்று வெயிலை மறைக்கிறது. அதைவிடக் கெடுதல் அடியில் சேரும் பழுத்த தாளின் சருகு. தண்ணீர் வடிந்ததும் வெற்றுக் களியில் வெயில் பட்டு முளைக்கும் செருப்படை போன்ற செடிக்கு, ஒரு சாண் சருகுக்கு அடியில் விதை கிடந்தால் காலம் வந்ததே தெரியாது.

இரண்டாவது காரணம் உரம். வயல் வடிகாலில் இறங்கும் யூரியாவும் டி.ஏ.பி.யும் வேகமாக வளரும் புல்லுக்குத்தான் முதலில் பயன்படும். மூன்றாவது, இந்த மெத்தை தண்ணீரின் ஓட்டத்தைத் தடுத்து வண்டலைப் பிடிக்கிறது. வண்டல் சேரச் சேர அடுத்த ஆண்டு புல் இன்னும் ஓரடி உள்ளே ஏறும். வாய்க்கால் குறுகும்.

செடி போனால் அதை நம்பியதும் போகும். ஆட்காட்டிப் பறவை வெட்டவெளியில் குட்டைப்புல் தரையில்தான் முட்டையிடும். இடுப்பளவு புல்லில் அதற்கு இடமில்லை. வானம்பாடிக்கும் நெட்டைக்காலிக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில் இதே புல் வெள்ளச் சமவெளிகளில் ஏறி, அங்குள்ள காட்டு நெல்லையும் நீர்க்கோரையையும் தள்ளிவிட்டது. அவற்றைத் தின்று வாழும் மேக்பை வாத்துகளுக்கு இரை குறைந்தது. காய்ந்த பருவத்தில் இந்தப் புல்லின் தாள் நாட்டுப் புல்லைவிடக் கடுமையாக எரிவதும் அங்கே சேர்ந்துகொண்டது.

அளப்பதற்கு வேண்டிய சாமான்

செடிகளை எண்ணுவதற்குத் தரையில் வைக்கும் ஒரு சதுர மீட்டர் சட்டம் செய்ய, அரை அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டர் துண்டு மூன்று, எல்போ இரண்டு. நாலாவது பக்கத்தைத் திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் மூடிய சட்டத்தை உயர்ந்த புல்லின்மேல் போட்டால் புல் மடங்கி, வெளியே வேர் விட்ட தண்டெல்லாம் உள்ளே எண்ணப்படும். மூன்று பக்கச் சட்டத்தைத் தரையோடு தள்ளி நுழைத்துவிட்டு, திறந்த பக்கத்தில் ஒரு கம்பை வைத்து மூடலாம். 50 மீட்டர் டேப், மூங்கில் முளைகள், சென்டிமீட்டர் குறித்த குச்சி, கருக்கரிவாள், 5 கிலோ தொங்கு தராசு, காகிதப் பைகள், ஜி.பி.எஸ். உள்ள போன். இவற்றோடு கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்று கட்டாயம் வேண்டும். ஏன் என்பது கீழே.

கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணும் புல வரைபடமும் பார்த்து, இடம் மேய்க்கால் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் கை வைப்பதானால் நீர்வளத்துறைக்குச் சொல்ல வேண்டும், மற்றதற்கு ஊராட்சி. கோடியக்கரை போன்ற சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் அளவெடுப்பதுகூடக் கூடாது. அங்கே வெளிமான் மேயும் தரையை அழுத்துவது பெரும்பாலும் சீமைக்கருவேல். அதற்கு வேறு முறை.

புல்லுக்குள் போகும்போது முழங்கால் வரை பூட்ஸ், முன்னால் தட்டிக்கொண்டு போக ஒரு கம்பு. இந்த மெத்தைக்குள் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் இருக்கும். காலில் புண் இருப்பவர்கள் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

சட்டத்தை எங்கே போடுவது

அளவு முழுக்கப் பிசகிப்போவது இங்கேதான். சாதாரணமாக என்ன செய்வார்கள்? வாய்க்கால் ஓரத்தில் எருமைப்புல் இருக்கும் இடத்தில் பத்துச் சட்டம், மேட்டில் இல்லாத இடத்தில் பத்துச் சட்டம். எண்ணிப் பார்த்தால் மேட்டில் பன்னிரண்டு வகை, ஓரத்தில் மூன்று. உடனே எருமைப்புல் ஒன்பது வகையை அழித்தது என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. மேடும் பள்ளமும் எந்தக் காலத்திலும் ஒரே செடிகளைத் தாங்கியதில்லை. அங்கே அளந்தது தண்ணீரின் வித்தியாசத்தை.

சரியான முறை ஜோடி போடுவது. எருமைப்புல் திட்டின் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். விளிம்பிலிருந்து 3 மீட்டர் உள்ளே ஒரு சட்டம், 3 மீட்டர் வெளியே ஒரு சட்டம். இரண்டும் வாய்க்காலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அதாவது விளிம்பை வாய்க்காலுக்கு இணையாகக் கடக்க வேண்டும், குறுக்காக அல்ல. பிறகு டியூப் மட்டத்தில் இரண்டு இடத்தின் உயரத்தையும் பாருங்கள். 10 சென்டிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஜோடியைத் தள்ளிவிட்டு வேறு இடம் தேடுங்கள். நம் சமதரையில் 10 சென்டிமீட்டர் என்பது கார்த்திகையில் கூடுதல் நாள் தண்ணீர் நிற்பது. கண்ணுக்கு அது தெரியாது, செடிக்குத் தெரியும்.

மண்ணையும் பிசைந்து பாருங்கள், ஒருபக்கம் களி, மறுபக்கம் மணல் என்று இருந்தால் அதுவும் ஜோடி இல்லை. மேய்ச்சலும் சமமாக இருக்க வேண்டும். எருமைப்புல் முற்றிய இடத்தில் மாடு நுழையாது, வெளியே மட்டும் மேயும். அதனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்தில் 2 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளப் பட்டையில் சாணக்குவியலை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை பெரிதாக மாறினால் செடி வித்தியாசத்தில் ஒரு பங்கு மாட்டின் வாயால் வந்தது என்று பின்னால் சொல்ல முடியும்.

பத்து ஜோடியில் தொடங்குங்கள். கடைசி இரண்டு ஜோடியில் புது வகை எதுவும் சேரவில்லை என்றால் போதும். சேர்ந்துகொண்டே போனால் இன்னும் போட வேண்டும்.

காலம்: மாசி முதல் பங்குனி நடுப்பகுதி வரை முதல் அளவு. ஜனவரி 28-ஐ ஒட்டி வழக்கமாக மேட்டூர் அணை மூடி, தரையில் ஈரம் மட்டும் நிற்கும்போது சிறு செடிகள் பூத்திருக்கும், பெயர் கண்டுபிடிப்பது எளிது. வைகாசிக் கடைசியில் இரண்டாவது அளவு. ஜூன் 12-க்குத் தண்ணீர் திறந்த பிறகு போனால் கோடையில் காய்ந்து எது பிழைத்தது என்பது மறைந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் மாசி அளவை விட வேண்டாம்.

சட்டத்துக்குள் என்னென்ன குறிப்பது

சட்டத்துக்குள் வேர் விட்டிருக்கும் எல்லாச் செடியும். பெயர் தெரியாதது என்றால் “இலை உருண்டை, மஞ்சள் பூ, 3” என்று எழுதி, சட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு கிளையைத் தினத்தாள் நடுவே வைத்து அழுத்துங்கள். ஒவ்வொரு வகையும் தரையை எவ்வளவு மூடுகிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று குறியுங்கள். ஒருவர் கண் 40 என்றால் இன்னொருவர் கண் 60 என்னும். அதனால் ஒரே ஆள்தான் கடைசிவரை பார்க்க வேண்டும், அல்லது முதல் ஐந்து சட்டத்தை இருவரும் தனித்தனியே பார்த்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேர்ந்து கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டலாம், அது பிழையில்லை. புல்லின் உயரம் ஐந்து இடத்தில், சருகின் கனம் ஐந்து இடத்தில், வெறுமண் எவ்வளவு என்பது. சருகுக் கனத்தை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், சிறு செடிகள் திரும்புமா என்பதைச் சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தீவன அளவும் வேண்டுமானால் சட்டத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி 50-க்கு 50 சென்டிமீட்டர் இடத்தை மண்ணோடு அறுங்கள். தொடர்ந்து கண்காணிக்கும் சட்டத்துக்குள் அறுக்கவே கூடாது. அறுத்ததை எருமைப்புல், மற்றவை, சருகு என்று மூன்றாகப் பிரித்துக் காகிதப் பையில் வெயிலில் காயவையுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். அந்த எடையை நாலால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு வரும். ஈர எடையை வைத்து ஒப்பிட்டால் எருமைப்புல் எப்போதும் வெல்லும், அதன் தண்டில் அவ்வளவு தண்ணீர்.

கணக்கு

வகைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. உள்ளே ஐந்து வகை, வெளியே ஐந்து வகை என்றாலும் அவை வேறு வேறு ஐந்தாக இருக்கலாம். ஒற்றுமையைப் பார்க்க ஓர் எளிய வாய்பாடு உண்டு: இரண்டிலும் பொதுவான வகைகளை இரட்டித்து, உள்ளே உள்ளதும் வெளியே உள்ளதும் கூட்டிய தொகையால் வகுங்கள். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: வெளியே 11, உள்ளே 5, பொது 4 என்றால் 8-ஐ 16-ஆல் வகுக்க 0.5. முழுதும் ஒன்றானால் 1, ஒன்றுமே பொதுவில்லை என்றால் 0.

இந்த 0.5-ஐப் பார்த்ததும் பாதி அழிந்தது என்று எழுதிவிட வேண்டாம். எருமைப்புல்லே இல்லாத இரண்டு சட்டங்களை ஒப்பிட்டாலும் 1 வராது. அதனால் வெளிச் சட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு சராசரி எடுங்கள். அது 0.7 என்று வந்தால், 0.7-க்கும் 0.5-க்கும் இடையில் உள்ளதுதான் புல்லின் கணக்கு.

இதற்குப் பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சும். செடிகள் முதலில் போய், வெற்றிடத்தில் எருமைப்புல் வந்திருந்தால்? ஜோடி முறையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. திட்டுக்குள்ளேயே 5-க்கு 5 மீட்டர் துண்டுகள் எட்டு குறித்து, நாலில் எருமைப்புல்லை அகற்றி, நாலை அப்படியே விடுங்கள். எந்த நாலு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கைக்கு எளிதான துண்டைத் தேர்ந்தால் முடிவு சாய்ந்துவிடும். அகற்றிய துண்டில் நாட்டுச் செடிகள் திரும்பி, விட்ட துண்டில் திரும்பாமல் இருந்தால், தடுத்துக்கொண்டிருந்தது எருமைப்புல்தான். ஓரங்களில் கொடி திரும்ப ஓடி வரும், அதனால் நடுவில் 3-க்கு 3 மீட்டரை மட்டும் எண்ணுங்கள்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது

நாற்றோ விதையோ வாங்கச் செலவழிக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயை 5 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி, திட்டுக்குள் பத்து இடத்தில் மண் எடுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் வரும். வேர்த் துண்டையும் கணுவையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, 20-க்கு 25 சென்டிமீட்டர் தட்டில் கழுவிய மணல் பரப்பி அதன்மேல் 2 சென்டிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். பக்கத்தில் மணல் மட்டும் உள்ள தட்டு ஒன்றும் வேண்டும், காற்றில் வரும் விதை அதில் தெரிந்துவிடும். எட்டு வாரம் ஈரம் காயாமல் வைத்து, முளைப்பதை அடையாளம் கண்டு பிடுங்கிக்கொண்டே எண்ணுங்கள். பொடுதலை, கரிசலாங்கண்ணி, கோரை எல்லாம் வந்தால் அந்தத் தரைக்கு வெயில் காட்டினால் போதும். ஒன்றுமே வராவிட்டால் நட வேண்டியிருக்கும். அருகு வரவில்லையே என்று கலங்க வேண்டாம், அருகு பெரும்பாலும் கொடியால்தான் பரவும்.

அறுப்பு

எருமைப்புல் கோடையில் எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கசியும் மதகு, உடைந்த மடை, வீட்டுக் கழிவுநீர், ஆழ்குழாய்க் கிணற்றின் வழிந்த நீர், இவற்றில் ஒன்று இருக்கும். வறட்சி தாங்காத புல் அது. கசிவை அடைத்தால் பாதி வேலையை வெயில் செய்யும். அடைக்காமல் எத்தனை முறை அறுத்தாலும் தீவனம் அறுத்த மாதிரிதான்.

மாசியில் தண்ணீர் வடிந்ததும் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். சருகையும் வாரி வெளியேற்றுங்கள். தளிர் ஒரு சாண் வந்ததும், சுமார் 10 முதல் 15 நாளில், மறுபடி அறுங்கள் அல்லது மாட்டை விட்டு நெருக்கி மேயவிடுங்கள். இளம் தளிரை மாடு விரும்பித் தின்னும். இப்படி மூன்று நான்கு முறை ஆகும்போது கொடியில் இருந்த சேமிப்பு தீர்ந்து, சித்திரை வெயிலில் வாடும். அப்போது மண்வெட்டியால் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கொடியை உருவி எடுங்கள். முதல் நாளே கொத்தினால் உயிரோட்டமுள்ள கணுக்கள் துண்டுதுண்டாகி, ஒன்று நூறாகும். இந்த வரிசையை மாற்றுவதுதான் மற்ற எல்லாப் பிழையையும்விடப் பெரிய பிழை.

நடமாடும் இடத்தில் ஆட்காட்டி கத்திக்கொண்டே தலைக்குமேல் சுற்றினால் முட்டை இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டத்தைக் குஞ்சு நடக்கும்வரை விட்டுவிடுங்கள்.

வற்றாத வடிகாலில் வழி வேறு. தண்ணீர் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே கையை விட்டு அறுத்து, மிதப்பதையெல்லாம் வாரிவிட வேண்டும். அறுத்த குச்சி மூன்று நான்கு வாரம் மூழ்கியே இருந்தால் காற்றில்லாமல் அழுகும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அழுகாது. தலைமடையிலிருந்து கடைமடை நோக்கித்தான் போக வேண்டும், கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே அறுத்தால் துண்டெல்லாம் சுத்தம் செய்த இடத்துக்கே வந்து சேரும். வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே இரண்டு மூங்கிலை நட்டு, பழைய மீன் வலையைக் குறுக்கே கட்டுங்கள். மாலையில் வலையில் சேர்ந்ததை அள்ளிவிட்டுத்தான் கரையேற வேண்டும்.

சிறு திட்டுகளுக்குக் கறுப்புத் தார்ப்பாய் நல்லது. புல்லை ஒட்ட அறுத்து, சித்திரை வைகாசியில் ஆறு முதல் எட்டு வாரம் மூடுங்கள். திட்டைவிட அரை மீட்டர் வெளியே நீண்டு, விளிம்பு ஒரு சாண் மண்ணுக்குள் புதைய வேண்டும். கொடி வெளிச்சம் தேடி அடியிலேயே ஓடும், ஓரத்தில் இடைவெளி கிடைத்தால் அங்கே தலைநீட்டும். இதில் அடியில் உள்ள நாட்டுச் செடியும் போகும் என்பதால் ஐந்து சென்ட்டுக்குமேல் இதைச் செய்யாதீர்கள்.

நெருப்பு வைப்பது வேண்டவே வேண்டாம். சருகு எரியும், ஈரக்கணு பிழைக்கும், தரைமேல் கிடந்த நாட்டு விதை கருகும். களைக்கொல்லி அருகையும் சேர்த்துக் கொல்லும், வாய்க்கால் ஓரத்தில் தெளித்தால் கடைமடைக்காரர் வயலுக்கும் குளத்துக்கும் போகும்.

ஜே.சி.பி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் தூர்வாரும் வேலை தேவையானது. ஆனால் பக்கெட் புல்லோடு வண்டலை அள்ளிக் கரையில் கொட்டும்போது, மேட்டூர் தண்ணீருக்காகவே நட்டு வைத்த மாதிரி ஆகிறது: வண்டல் உரம், துண்டான கணு, அடுத்த மாதம் ஈரம். கரை முழுக்கப் பச்சையாகி அங்கிருந்து திடலுக்குள் இறங்கும். ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டு. முதலில் புல் மெத்தையைத் தனியாக வழித்தெடுத்து வேறிடத்தில் காயவைத்த பிறகு வண்டலை அள்ள வேண்டும். அடுத்த வாய்க்காலுக்குப் போகும் முன் பக்கெட்டிலும் சக்கரத்திலும் சிக்கிய கொடியைப் பிய்த்தெடுக்க வேண்டும். திடலுக்குள் ஜே.சி.பி.யை இறக்கவிடாதீர்கள், நாட்டுச் செடியின் விதை இருக்கும் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைத்தான் அது முதலில் வழிக்கும்.

அறுத்த புல்லை மாட்டுக்குப் போடலாம். கதிர் வருமுன் அறுத்தது நல்ல தீவனம். சாக்கடை கலக்கும் வடிகாலில் வளர்ந்ததில் நைட்ரேட் சேரக்கூடும், பசியோடு நிற்கும் மாட்டுக்கு அதை மட்டும் போடாமல் வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள். மிச்சத்தைக் களத்திலோ சிமென்ட் தரையிலோ ஒரு சாணுக்குமேல் கனமில்லாமல் பரப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டி, கணு ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவிடுங்கள். குவித்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கி முளைக்கும்.

திரும்ப நாட்டுப் புல்

வெற்றுத்தரையை மழைக்குக் காட்டினால் முதலில் வருவது எருமைப்புல்லாகவோ வேறொரு களையாகவோதான் இருக்கும். தட்டில் நல்ல முளைப்பு இருந்தாலும் அருகை மட்டும் நட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கணுவுள்ள கொடித் துண்டை 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் சதுர மீட்டருக்கு 25, ஒரு சென்ட்டுக்கு 1,000, ஒரு மா நிலத்துக்கு (33 சென்ட்) 33,000. அவ்வளவு தேவையில்லை. ஒரு மீட்டர் பட்டை நட்டு, இரண்டு மீட்டர் விட்டு, மறுபடி ஒரு பட்டை என்று போட்டால் மாவுக்கு 11,000 துண்டில் முடியும். இடைவெளியை அருகே மூடிக்கொள்ளும். ஐப்பசியில் தண்ணீர் தேங்கும் பள்ளமானால் ஆடி ஆவணியில் வாய்க்கால் ஈரத்தில் நட்டு வேர் பிடிக்க வைக்க வேண்டும். மேடானால் புரட்டாசி மழைக்கு நடலாம்.

தண்ணீர் நிற்காத மணல்சாரி மேட்டுக்குக் கொழுக்கட்டைப்புல், மாவுக்கு ஒரு கிலோ விதை. விதை பஞ்சுபோல் பறக்கும், ஈர மணலோடு பிசைந்து தூவுங்கள். களியில் அதைப் போட்டால் அழுகும். வாய்க்கால் கரை விளிம்பில் வெட்டிவேர்த் தூர்களை 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒரே வரிசையில் நடுங்கள், 10 மீட்டருக்கு 67 தூர். கொடி ஏறுவதற்கு அது ஒரு வேலி, கரை மண்ணையும் பிடிக்கும். மற்றச் செடிகளுக்கு, பக்கத்து நல்ல திடலில் பங்குனியில் விதை முற்றிய தாளை அறுத்து அப்படியே மெல்லிசாகப் பரப்புவது போதும். அறுக்கும் திடலில் எருமைப்புல் ஒரு கொடிகூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கிடை போட்டால் விதை வரும் என்பது உண்மை. ஆனால் அந்த எரு ஈர ஓரத்தில் விழுந்தால் எருமைப்புல்லுக்குத்தான் லாபம், கிடையை மேட்டில் போடச் சொல்லுங்கள்.

நட்ட மூன்று மாதம் மாடு வரக்கூடாது. அதற்கு மேலும் அடைத்து வைப்பது தவறு. ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் 1982-இல் எருமை மேய்ச்சலை நிறுத்தியதும், பாஸ்பேலம் என்ற வேறொரு ஈரநிலப் புல் சதுப்பை மூடிப் பறவைகளுக்கு இடமில்லாமல் செய்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு அதைக் காட்டியது. நம் திடலும் மேய்ந்து மேய்ந்து உருவான தரைதான். உம்பளாச்சேரி மாடு நடமாடிய இடத்தில் மாட்டை ஒரேயடியாக நிறுத்தினால் உயரப்புல்தான் ஜெயிக்கும்.

வீட்டுத் தீவனத்துக்கு எருமைப்புல் வளர்ப்பவர்கள் அதை விட வேண்டியதில்லை. பாத்தி வாய்க்காலைத் தொடாமல் இருக்க வேண்டும், சுற்றிலும் ஒரு மீட்டர் காய்ந்த வரப்பு வேண்டும், வரப்பைத் தாண்டும் கொடியை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். மாடு தின்று மிச்சம் போட்ட தண்டைக் குளத்தோரம் வீசக்கூடாது.

அடுத்த மூன்று ஆண்டு

அதே மூங்கில் முளை, அதே மாதம், முடிந்தால் அதே ஆள். மாசியில் சட்டம் போட்டு முன்னைய நோட்டோடு ஒப்பிடுங்கள். முதலாண்டில் கோரை மிகுந்து தெரியும், பயப்பட வேண்டாம், அருகு மூட மூடக் குறையும். எருமைப்புல்லின் அளவு நூற்றுக்கு 5-ஐத் தாண்டிய துண்டில் உடனே கை வையுங்கள், 30 ஆன பிறகு மறுபடி முழு அறுப்புதான்.

ஆண்டில் மிக முக்கியமான நடை, தண்ணீர் திறந்தது முதல் கார்த்திகை வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாய்க்கால் விளிம்போடு போவது. மதகின் வாய், பாலத்தடி, கால்நடை தண்ணீர் குடிக்க இறங்கும் துறை, குப்பை ஒதுங்கும் வளைவு, இந்த நாலிடத்தில்தான் மிதந்து வந்த கணு முதலில் ஒட்டும். அந்த வாரத்தில் இரு விரலால் பிடுங்கலாம், ஒரு மாதம் விட்டால் மண்வெட்டி வேண்டும். பிடுங்கியதைக் கரையில் போட்டுவிட்டு நடக்காதீர்கள். கையில் ஒரு சாக்கு இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுவந்து களத்தில் காயப்போடுங்கள்.